மூன்று பூட்டு இணையம்

பெட்டிக்குப் போட்ட பூட்டுகள் மூன்றுதானா என்று இப்போது யாராவது கேட்டால் சற்றுத் தடுமாறுவேன். மூன்று என்றுதான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. நடந்ததெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் நான்தான். அதனாலேயே அந்தக் குறிப்பேட்டையும் நம்ப முடியவில்லை. அதில் பதினேழு இடங்களில் ‘ஏகமனதாக’ என்ற சொல் வருகிறது. அந்தப் பதினேழு முறையும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பாயா மெராந்தித் தோட்டம், கெடா மாநிலத்துப் பீடோங் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டம். இருபத்து மூன்று குடும்பங்கள் மிச்சம் இருந்தோம். வீடுகள் பள்ளத்தில். எங்களுக்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கும் நடுவே ஜெராய் மலை ஒரு காலை நீட்டிப் படுத்திருக்கிறது. போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏற வேண்டும். மூன்றாம் படியில் குரல் கேட்கும். ஐந்தாம் படியில் படம் தெரியும். ஆகவே எங்கள் தோட்டத்தில் பிறப்பு, இறப்பு, பரீட்சை முடிவு எல்லாவற்றையும் மக்கள் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்கள்.

நான் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி. வீட்டில் புத்தகங்கள் உண்டு, பேச்சுக் குறைவு. இந்த இரண்டு தகுதிகளுக்காக என்னைத் தோட்ட நலக் குழுவின் குறிப்பெழுத்தாளர் ஆக்கினார்கள். “கிராணிக்குக் கையெழுத்து அழகு, வாயி கெடையாது” என்று சொல்லித்தான் தலைவர் காளிதாசன் என்னை முன்மொழிந்தார். ஏகமனதாக.

காஞ்சனா என் எதிர்வீட்டுக்காரி. கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தாள். தொழிற்சாலை ஆள் குறைத்தபோது அவளைக் குறைத்தார்கள். அவள் கணவன் விக்னேஸ்வரன் லாரி ஓட்டியவன். சர்க்கரை நோயில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனைத் தனியே விட்டு அவள் நாள் முழுவதும் வெளியே போக முடியாது. அந்த நிலையில்தான் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் தேடியது. முதல் இரண்டு தேர்வுகளையும் அவள் தொட்டியின் ஐந்தாம் படியில் நின்றே தேறிவிட்டாள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. குறித்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்புச் சோதனை. அரை மணி நேரம் அறுபடாமல் இருந்தால் வேலை அவளுக்கு. அறுந்தால் வரிசையில் அடுத்தவருக்கு.

“கிராணி அண்ணே, வாங்க பீடோங் போவோம். நான் கேக்கறேன், நீங்க எழுதிக்குங்க” என்றாள். போனேன்.

பீடோங்கில் காஜா மைதீனுக்குக் கைப்பேசிக் கடை. வாங்க வந்தவர்களில் பாதிப் பேரைத் திட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். மீதிப் பேர் அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் வருவார்கள்.

“வீட்டுல எத்தன ரூம்மா?”

“ரெண்டு ரூம் பாய், ஒரு அடுப்படி.”

“எத்தன பேரு?”

“ரெண்டு பேரு. நான் வேல செய்யணும். அவரு லாரி வீடியோ பாப்பாரு.”

“லாரி ஓட்டுன ஆளு லாரிதான் பாப்பாரு. நான் வீட்டுக்குப் போனா கடைய பத்திதான் பேசறேன்.” சிரிக்காமல் சொன்னார். “லைன் உங்க தோட்டத்து மண்டபம் வரைக்கும்தான் வரும். அதுவும் சங்கத்து பேர்லதான் குடுப்பான். மண்டபத்துக்கும் உன் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“முப்பது தப்படி.”

“அப்ப சோறு தின்ற மாரி வேலலா. அங்க ஒரு சாதாரண ரவுட்டர் போதும். ரெண்டு கொம்பு இருந்தா போதும். உன் வீட்டு ஜன்னல்ல இந்தச் சின்னதை மாட்டு. அங்கேருந்து வாங்கி உள்ள குடுக்கும்.” உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். “ஆனா ஒன்னு. வாங்கறதுல ஒன்னும் இல்லமா, வைக்கறதுலதான் எல்லாமே. ஒசரமா வை. தொறந்த எடத்துல வை. அலமாரிக்குள்ள வைக்காத. இரும்பு பக்கத்துல வைக்கவே வைக்காத. ஏதாச்சும் ரோசாக் ஆனா, வேல செய்யலன்னா, அணைச்சிட்டு, பத்து எண்ணிட்டு, மறுபடி போடு. இந்தப் படிப்பு இவ்வளவுதான்.”

பழைய ரசீது ஒன்றின் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில் உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரே தாள் அது.

காஞ்சனா அந்தச் சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். மண்டபத்துக்கு லைன் கேட்டு நலக் குழுவிடம் சூராட் எழுதிக் கொடுத்தாள். குழு கூடியது.

தலைவர் காளிதாசன் ஒரு காலத்தில் தோட்டத்தில் தண்டலாக ஆட்களை வேலை வாங்கியவர். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் ஒலிபெருக்கி இருப்பதுபோலவே பேசுவார். “இந்தத் தோட்டத்துக்கு இணையம் வேணும்னு மொதல்ல சொன்னது யாரு? நான். ரெண்டாயிரத்து ஒன்பதுலயே சொன்னேன். அப்ப யாருக்கும் புரியல. எனக்கே புரியல. ஆனா சொன்னேன்.”

கைதட்டினார்கள். காஞ்சனாவும் தட்டினாள். அப்போது அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

ரவுட்டர் தேர்வு துணைக்குழு ஒன்று அமைந்தது. தலைவர் காளிதாசன், செயலாளர் பரஞ்சோதி, பொருளாளர் யோகேந்திரன் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். நலக் குழுவிலும் அதே மூவர்தான். கோயில் கமிட்டியிலும் அவர்களேதான். ஆகவே அவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து மிகவும் மரியாதையாக நடந்தது. நலக் குழுச் செயலாளர் பரஞ்சோதி துணைக்குழுச் செயலாளர் பரஞ்சோதிக்கு எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. பதில் வரத் தாமதமானதற்கு அவர் அவரிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

இணையம் நன்றாக இயங்கும் இடத்தை நேரில் காண்பதற்காகத் துணைக்குழு லங்காவிக்கு மூன்று நாள் ஆய்வுப் பயணம் போனது. திரும்பி வந்து அறிக்கை தந்தார்கள். ‘விடுதியின் உணவுக் கூடத்தில் சிக்னல் மிக வலுவாக இருந்தது. கடற்கரையில் சற்றுக் குறைவு. எனினும் கடற்கரையில் அதற்கான தேவை எழவில்லை.’ இதைப் படியெடுத்தவன் நான். ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை.

பிறகு தேர்வு. கடைகளிலிருந்து வாங்கி வந்த படத்தாள்களை மேசைமேல் பரப்பினார்கள். இரண்டு கொம்பு உள்ளதைப் பரஞ்சோதி விரலால் தள்ளிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற ஜவுளிக்கடைக் கணக்கர். அகலமான கரை இல்லாத எதையும் மதிக்கமாட்டார்.

“இது ஆட்டுக்குட்டி மாரி இருக்கு. நாளைக்கு சட்டமன்றத்து ஒய்.பி. வந்து பாத்தா நம்மள பத்தி என்ன நெனைப்பாரு?”

“அண்ணே, காஜா பாய் ரெண்டு கொம்பு போதும்னாரு” என்றாள் காஞ்சனா.

“காஜா பாய் யாரு? பதிவு பெற்ற சங்கமா?”

எட்டுக் கொம்புள்ள கறுப்பு ரவுட்டர் தேர்வாயிற்று. கவிழ்ந்து கிடக்கும் தேளைப் போல இருந்தது. வாங்கியும் வந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பொருளாளர் யோகேந்திரன் கொம்புகளை எண்ணினார். அவர் எண்கணிதம் பார்ப்பவர். காடி வாங்கும்போது எண் தட்டுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்.

“எட்டா? எட்டு ஆவாது.”

மண்டபம் அமைதியானது. எனக்கு அமைதி பிடிக்கும். ஆனால் அந்த அமைதியில் ஒரு தீர்மானம் வளர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. கடைசியில் தலைவர் ஒரு கொம்பைப் பிடித்துத் திருகி எடுத்தார். ஏழு நல்ல எண். எடுத்த கொம்பு இன்றும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், அவருடைய சேவைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

லைன் போட வந்த தொழில்நுட்பக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். குழுவில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாலையோரக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, ரவுட்டரை மண்டபத்து ஜன்னல் திட்டில் வைத்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆலோசனை கேட்க ஆள் இல்லாததால் அவர் அதைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்.

நான்கு நாள் இணையம் வேலை செய்தது. தொழில்நுட்பக்காரரிடம் கேட்டு எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைக் காஞ்சனா தன் சின்னப் பெட்டியில் பதித்து, பெட்டியை ஜன்னல் கம்பியிலிருந்து தள்ளி ஓர் ஆணியில் மாட்டினாள். பிறகு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம் என்று காலியான அறையிடம் கேட்டுப் பழகினாள். தடுமாற்றம் இல்லாத குரல். உட்கார்ந்தபடி அவள் பேசி அப்போதுதான் கேட்டேன். பக்கத்து அறையில் விக்னேஸ்வரன், ஏதோ ஒரு நாட்டில் மலைச் சரிவில் லாரிகள் இறங்கும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவு வரும்போதெல்லாம் இல்லாத காலால் பிரேக் மிதித்தான்.

“டேய், மெதுவா போடா!” என்று லாரிக்காரனை அதட்டுவான். “கியர எறக்கு! எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?”

ஐந்தாம் நாள் குழு அவசரமாகக் கூடியது. திறப்பு விழா நடக்கும் முன்பே இணையம் திறந்துவிட்டது பற்றித் தலைவர் மிகவும் வேதனைப்பட்டார். “தாலி கட்றதுக்கு முன்னாடி குடும்பம் நடத்தற மாரி இருக்கு.” ரவுட்டரை அணைத்து, துணியால் மூடி வைத்தார்கள். காஞ்சனாவின் சோதனைக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

அழைப்பிதழைத் தூய தமிழில் அடிக்க வேண்டும் என்று பரஞ்சோதி பிடிவாதம் பிடித்தார். ரவுட்டர் திசைவியாகி, ‘திசைவி அரங்கேற்ற விழா’ என்று வந்தது. மூன்று வீடுகளில் அந்தப் பெண் யார் மகள் என்று விசாரித்தார்கள்.

விழா காலை ஒன்பது மணிக்கு. ஒய்.பி. பன்னிரண்டு மணிக்கு வந்தார். நம் ஊர் வழக்கப்படி, கையில் கொடுப்பது எதுவானாலும் படம் எடுப்பதற்கு அதன் பெரிய வடிவம் ஒன்று வேண்டும். காசோலைக்குக் கதவளவு அட்டைக் காசோலை செய்வதைப்போல, இதற்கு ஆறடி நீளத்தில் அட்டை ரவுட்டர் செய்திருந்தார்கள். அதற்கும் ஏழு கொம்புதான். உள்ளே தீபாவளிச் சரவிளக்குகள் பொருத்தியிருந்ததால் அசலைவிட அதுதான் நம்பும்படி இருந்தது. ஒய்.பி. அதைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அதை ஒய்.பி.யிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் படம் எடுத்தார்கள். அசல் ரவுட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

“இணையம் என்பது ஒரு பாலம்” என்றார் ஒய்.பி. “போன மாசம் யான் டவுன்ல நான் ஒரு பாலம் திறந்தேன். அதுவும் ஒரு பாலம்தான். இந்த இணையம் வந்த பிறகு நீங்க உங்க பிரச்சினைகளச் சொல்ல என்னத் தேடி வர வேண்டியதில்ல. நானும் உங்களத் தேடி வர வேண்டியதில்ல.”

அந்த விழாவில் மனப்பூர்வமாகச் சொல்லப்பட்ட வாக்கியம் அதுதான். பலத்த கைதட்டல். போகும்போது தம் அன்பளிப்பாக ஒரு பெரிய மின்கலனையும் கொடுத்தார். மின்சாரம் போனாலும் எட்டு மணி நேரத்துக்கு இந்த இணையம் அணையாது என்று வாக்குக் கொடுத்தார்.

துணியை எடுத்து விளக்கை எரியவிட்ட அன்றே, பாதுகாப்புப் பற்றிப் பேச்சு வந்தது.

“கோயில் உண்டியலுக்கு என்ன செய்றோம்?” என்று கேட்டார் தலைவர். “மூணு பூட்டு. மூணு சாவி. தலைவர்கிட்ட ஒன்னு, செயலாளர்கிட்ட ஒன்னு, பொருளாளர்கிட்ட ஒன்னு. மூணு பேரும் சேந்தாத்தான் தொறக்க முடியும். முப்பது வருசமா ஒரு காசு தொலைஞ்சதில்ல. இணையம் காசவிட மட்டமா?”

அப்படித்தான் அந்தத் தீர்மானம் பிறந்தது. எண் பதினொன்று. சாவி கைமாறக் கூடாது என்பது அதன் இரண்டாம் பிரிவு.

பீடோங்கில் பட்டறை வைத்திருக்கும் மணியம், கெடா முழுக்கக் கோயில்களுக்கு உண்டியல் செய்து கொடுப்பவர். அவரிடம் ஒரே அச்சுதான் உண்டு.

“உள்ள என்னா வைக்கப் போறீங்க?” என்று கேட்டார்.

“இணையம்” என்றார் பரஞ்சோதி.

“சரி. மேல காசு போடற ஓட்ட வருமே, பரவால்லையா?”

“வயர் போறதுக்கு ஆவும்.”

தடித்த இரும்பில் பெட்டி வந்தது. முன்பக்கம் ஓம் எழுதியிருந்தது. அதற்குத் தனிக் கூலி இல்லை என்று மணியம் சொன்னார். ரவுட்டர், பொன்னாடை, ஒய்.பி.யின் மின்கலன் மூன்றையும் உள்ளே வைத்தார்கள். மூவரும் சேர்ந்து மூன்று பூட்டையும் பூட்டி, கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்து மூன்று வீடுகளிலும் இணையம் நின்றது. காஞ்சனா வீட்டு ஆணியில் இருந்த சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. அடுத்த அறையில் ஒரு லாரி பாதி வளைவில் உறைந்து நின்றது.

அவள் நான் எழுதிய ரசீதை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

“அண்ணே, இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய வராதுண்ணே. இங்க பாருங்க, கிராணி அண்ணே எழுதியிருக்காரு.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“சிக்னல் வெளிய வரலன்னா என்னம்மா அர்த்தம்?” என்றார் பொறுமையாக. “உள்ள பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.”

அடுத்த வாரம் பொருளாளர் யோகேந்திரன் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை புறப்பட்டார். கிளம்பும் காலையில் என் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திச் சாவியை என் சட்டைப்பையில் போட்டார்.

“கிராணி, வெளியூருல தொலைஞ்சிட்டா பெரிய பேச்சாயிரும். இத வச்சிக்குங்க. ஆனா குடுத்தேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தீர்மானம் பதினொன்னு. நீங்கதான் பேசமாட்டீங்களே.”

சோதனைக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலை, காஞ்சனாவின் வேண்டுகோளின்பேரில் குழு கூடியது. விக்னேஸ்வரனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மண்டபத்தில் மேடைக்குக் கீழே, விழாவுக்குச் செய்த அட்டை ரவுட்டருக்கு எதிரே, அந்த இரும்புப் பெட்டி இருந்தது.

“அண்ணே, ஒரே ஒரு நாள். நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் தொறந்து வைங்க. அப்புறம் எத்தன பூட்டு வேணும்னாலும் போட்டுக்குங்க.”

“தொறக்கலாம்மா. யாரு மாட்டேன்னா?” என்றார் தலைவர். தம் சாவியை மேசைமேல் வைத்தார். பரஞ்சோதியும் தம்முடையதை வைத்தார். “மூணாவது சாவி?”

“பொருளாளர்கிட்ட இருக்கு” என்றார் பரஞ்சோதி. “பொருளாளர் திருவண்ணாமலையில இருக்காரு.”

“எப்ப வருவாரு?”

“பௌர்ணமி முடிஞ்சி.”

“அப்ப ஒடைங்களேன்யா!” என்று விக்னேஸ்வரன் கத்தினான். “மணியத்த வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துல அறுத்துப் போட்டுருவாரு.”

“உண்டியல அறுக்கச் சொல்றியா?” தலைவர் உண்மையாகவே அதிர்ந்து போனார். “ஓம் போட்ட பெட்டிப்பா அது.”

மேசைமேல் இரண்டு சாவிகள் இருந்தன. மூன்றாவது என் சட்டைப்பையில், மூக்குக்கண்ணாடி உறைக்குப் பின்னால் இருந்தது. அதன் பல் என் மார்பில் குத்திக்கொண்டிருந்ததாக நினைவு. இதுவும் பிறகு நானே சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். கையை நீட்டினால் மூன்று சாவிகளும் ஒன்றாகிவிடும். ஆனால் பேச வேண்டியிருக்கும். யோகேந்திரன் தீர்மானத்தை மீறினார் என்பது வெளியே வரும். நான் ஒளித்து வைத்திருந்தேன் என்பது வெளியே வரும். கூச்சல் வரும். எனக்குக் கூச்சல் ஆகாது.

“கிராணி, நீங்க என்ன சொல்றீங்க?” என்று தலைவர் கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கருத்துக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குறிப்பேட்டில் இருப்பது இது: ‘குறிப்பெழுத்தாளரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. கருத்து இல்லை.’

“அப்படியே சாவி கெடைச்சாலும் நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கமாட்டோம்மா” என்று பரஞ்சோதி ஆறுதலாகச் சொன்னார். “அலோர் ஸ்டார் போறோம். சிறந்த இணையத் தோட்டம்னு நமக்கு விருது குடுக்கறாங்க.”

“எல்லாம் உன்னாலதான்மா” என்றார் தலைவர். அவர் கண் கலங்கியிருந்தது. “விண்ணப்பத்துல ஒன் பேரத்தான் போட்டோம். வீட்டிலிருந்தே இணையத்தில் வேலை செய்யும் பெண்மணின்னு. ஒன் படமும் போட்டிருக்கோம்.”

காஞ்சனா எழுந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவள் மடிக்கணினியுடன் மண்டபத்துக்கு வந்தாள். விக்னேஸ்வரன் அவளுக்கு முன்பே வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி நாற்காலியை உருட்டிக்கொண்டிருந்தான். காசு போடும் துளைக்கு நேரே மடிக்கணினியைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு கோடு சிக்னல் வருவதைக் கண்டுபிடித்தது அவன்தான். அந்தத் தோட்டத்தில் இணையத்தைப் பற்றி யாராவது ஆய்வு செய்தார்கள் என்றால் அது அவன் செய்ததுதான். பெட்டிமேல் இரண்டு செங்கல்லை அடுக்கி மடிக்கணினியைச் சாய்த்து வைத்தார்கள். அவள் உண்டியலுக்கு முன்னால் முழங்காலிட்டாள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் திரையில் ஃபாத்தின் என்ற பெண் வந்தாள். “வணக்கம் அக்கா. வீட்டுலதான இருக்கீங்க?”

“ஆமாம்மா” என்றாள் காஞ்சனா.

“பின்னாடி ஏதோ பெருசா தெரியுதே?”

“அது ரவுட்டர்மா. அட்டையில செஞ்சது.”

ஃபாத்தின் எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு சோதனையைத் தொடங்கினாள். பன்னிரண்டு நிமிடம் எல்லாம் நன்றாக இருந்தது. காஞ்சனா கட்டணம் புரியாத கிழவருக்குப் பதில் சொன்னாள், கோபக்கார வாடிக்கையாளரைத் தணித்தாள். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. பதின்மூன்றாம் நிமிடத்தில் படம் நின்றது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

“அக்கா, லைன் தொங்குது. ஒன்னும் இல்ல, ரவுட்டர அணைச்சிட்டு, பத்து எண்ணிட்டு, மறுபடி போடுங்க. நான் காத்திருக்கேன். அஞ்சு நிமிசம் குடுப்பாங்க.”

காஜா மைதீன் சொன்ன அதே வார்த்தைகள். காஞ்சனா ஓடிப்போய் மண்டபத்து மெயின் சுவிட்சை இறக்கினாள். மின்விசிறிகள் நின்றன, விளக்குகள் அணைந்தன, அட்டை ரவுட்டரின் சரவிளக்கும் அணைந்தது. அவள் பத்து எண்ணினாள். பெட்டியின் துளை வழியே உள்ளே பச்சை விளக்கு அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒய்.பி.யின் மின்கலன். அரசியல்வாதி கொடுத்த வாக்கு ஒன்று அட்சரம் பிசகாமல் நிறைவேறியதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

“ஈர்க்கு! துடப்பத்துலேருந்து ஈர்க்கு எடு!” என்றான் விக்னேஸ்வரன். ஒரு கைப்பிடி ஈர்க்கைக் கட்டித் துளைக்குள் விட்டான். சுவிட்சு பின்பக்கம். நடுவில் ஏழு கொம்பு. ஒரு தடவை பொன்னாடை சிக்கியது. இன்னொரு தடவை ஒரு கொம்பு சாய்ந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. காஞ்சனா துளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, “எடது பக்கம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றாள்.

“அக்கா, கேக்குதா?”

“கேக்குதும்மா! கேக்குது!”

“அக்கா? எனக்குக் கேக்கலயே. அக்கா?”

அதோடு நின்றது.

அப்போதுதான் நான் சாவியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. மற்ற இரண்டும் அலோர் ஸ்டாரில் இருந்தன. நீட்டிய என் உள்ளங்கையைக் காஞ்சனா பார்த்தாள்.

“இது என்னாண்ணே?”

நான் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

“நேத்து சாயங்காலம் இது உங்ககிட்டதான் இருந்துச்சா?”

விக்னேஸ்வரன் ஈர்க்கைக் கீழே போட்டான். மின்விசிறி ஓடாத மண்டபத்தில் செம்பனைத் தோப்பிலிருந்து வரும் காற்றுச் சத்தம்கூடக் கேட்டது.

“அவங்கல்லாம் முட்டாளுங்கண்ணே. அவங்களுக்குத் தெரியாது” என்றாள். “ஒங்களுக்குத் தெரியும்.”

மடிக்கணினியை மூடி, கணவனின் மடியில் வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பெட்டிக்கு முன்னால் தனியே நின்றேன். பிறகு தலையைக் குனிந்து சாவியைத் துளைக்குள் போட்டேன். அது மின்கலன்மேல் விழுந்து, மணி அடித்ததுபோல ஓர் ஓசை வந்தது.

வாசலில் மருதம்மாள் நின்றிருந்தாள். மண்டபம் கூட்ட வந்தவள். கிராணி உண்டியலில் ஏதோ போட்டுத் தலை குனிந்து நின்றதைப் பார்த்துவிட்டாள். என்ன வேண்டுதல் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் அவளும் இருபது சென் காசு போட்டாள்.

யோகேந்திரன் திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்து சாவியைக் கேட்டார். நான் பேசவில்லை. குறிப்பேட்டின்படி சாவி கைமாறியதே இல்லை என்பதால் அவரால் குழுவில் புகார் கொடுக்க முடியவில்லை. பெட்டியைத் திறக்கும் தேதி அவருடைய உடல்நிலை காரணமாக ஒன்பது முறை தள்ளிப்போயிருக்கிறது. காணிக்கை விழுந்த உண்டியலை அறுக்கக் கூடாது என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். ரவுட்டர் எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியாது. பீடோங்கிலிருந்தும் மக்கள் வந்து காசு போடுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ மாலை போட்டிருந்தார்கள். காளிதாசன் மாவட்ட இணைய ஆலோசகராக நியமிக்கப்பட்டு, மற்றத் தோட்டங்களுக்குப் போய் மூன்று பூட்டு முறையைப் பற்றிப் பேசுகிறார். பரஞ்சோதி அவருக்குச் செயலாளர். மணியத்துக்குப் புதிதாகப் பதினான்கு பெட்டிக்கு வேலை வந்திருக்கிறது.

காஞ்சனாவும் விக்னேஸ்வரனும் அடுத்த மாதமே தோட்டத்தை விட்டுப் போனார்கள். பீடோங்கில் காஜா மைதீன் கடைக்குப் பின்னால், படி இல்லாத ஓர் அறை. எட்டு மாதம் கழித்து அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தபோது அவள் தேறினாள். அங்கே ரவுட்டர் அலமாரிக்கு மேலே, திறந்த இடத்தில் இருக்கிறதாம். ஆண்டறிக்கையில், இணையத் திட்டத்தால் ஒரு குடும்பம் நகரத்துக்கு முன்னேறியது என்று எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேறு யாரோ எழுதினார்கள்.

இப்போது தோட்டத்தில் இருபத்து இரண்டு குடும்பங்கள். போன் வந்தால் தொட்டிப் படியில் ஏறிப் பேசுகிறோம். காஞ்சனாவை நான் ஒரே ஒரு தடவை அழைத்தேன். ஐந்தாம் படியில் நின்றேன். அவள் எடுத்து, “வணக்கம், யாரு பேசறீங்க?” என்று கேட்டாள்.

அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.